வேறு குறிப்புகள் இருப்பின்

படிவத்தின் ஏழாவது கேள்வி:
கடையில் விற்கும் கைத்தொலைபேசி
கம்பெனி மின்னஞ்சலுக்குத் தயாரா?
ஆம். இல்லை.
அதற்கும் கீழே சின்னதாய் ஒரு கட்டம்,
வேறு குறிப்புகள் இருப்பின்.

ஆறு வாரம் மூன்று போன்களோடு திரிந்தேன்.
பாய லேபாரில் ரயில் மாறும்போது
மூன்றும் ஒன்றாக அதிரும்.
கடன் வசூலிக்கிறவள் என்றுதான்
பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

மேல்மாடியில் இயக்குநர் சியா.
பழைய போனின் பொத்தான்களை
பார்க்காமலே படிக்கும் அவர் கட்டைவிரல்.
புதியதை என் மேசையில் வைத்தார்,
சந்தையில் நல்ல மீன் கிடைத்தவர் போல.
பாஸ்வேர்டு எட்டு எழுத்து என்றேன்.
நான்கு என்றார்.
ஆறில் படிந்தது பேரம்.
பத்து முறை தவறினால்
தன்னையே அழித்துக்கொள்ளும் என்றதும்
நல்லது, நல்லது என்றார்.

அந்த ஞாயிறு
பழம் வெட்டும் விளையாட்டுக்காக
அவர் மகன் பத்து முறை முயன்றான்.
ஒப்பந்தங்கள் யார் கையிலும் சிக்கவில்லை.
பையன் முதன்முதலில் நீச்சலடித்த காணொளியும்
அவற்றோடு சேர்ந்து
யார் கையிலும் சிக்காமல் போயிற்று.
திங்களன்று அவர் கேட்டது ஒன்றுதான்:
"அப்போ, வேலை செய்யுது?"
செய்கிறது என்றேன்.
அதைவிட நல்ல சோதனை என்னிடம் இல்லை.

கணக்குப் பிரிவு ரொஸ்லீனா
சம்மதத் தாளைத் திருப்பித் தந்தாள்.
தொலைவிலிருந்தே துடைத்தெடுக்கும் உரிமை
கம்பெனிக்கு உண்டு
என்ற வரியின் கீழ்
நகத்தால் ஒரு கோடு.
"இதுக்குள்ள என் விவாகரத்து இருக்கு.
வக்கீல் கடிதம், அவன் அனுப்பின அசிங்கம் எல்லாம்.
உன் பாஸுக்கு இதில் இடம் கிடையாது."
மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி சொன்னாள்.
எனக்குத் தமிழில் கேட்டது.

அப்புறம் துவாஸ்.
கையுறை போட்ட விரலைக் கண்ணாடி மதிக்கவில்லை.
மழை விட்ட வெயிலில்
திரை முழுக்க என் முகம்தான்.
வெளிமுற்றத்துக்கு ஏற்றதல்ல
என்று எழுதிக்கொண்டிருந்தபோது
கிடங்கு மேற்பார்வையாளர் கனகவேல் எட்டிப் பார்த்தார்.
"இதைத்தானே மேடம்
ரெண்டு வருஷமா பண்றோம்?"

நீட்டினார் தன் போனை.
மூலையில் விரிசல், மேலே டேப்.
உள்ளே ஆயிரத்துச் சொச்சம் டெலிவரி சீட்டுகள்,
சீல் எண்கள், நசுங்கிய பெட்டிகள்,
ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும்
அவர் கட்டைவிரலின் ஒரு துண்டு.
நடுநடுவே
ஊரில் எழும்பும் வீட்டின் லிண்டல் கம்பி.
பாஸ்வேர்டு இல்லை.
டாப்-அப் அவர் காசு, மாதம் பதினெட்டு வெள்ளி.
படிவம் எதையும்
அவரிடம் யாரும் நீட்டியதில்லை.
இந்தப் படங்களெல்லாம் எங்கே போகும் என்று
நான் கேட்கவில்லை.
சிஸ்டம் விழும் நாட்களில்
என் சொந்த போனுக்குத்தான் வரும்.

இரவு பதினொன்று. செங்காங்.
கட்டம் இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
சும்மா தமிழில் அடித்துப் பார்த்தேன்,
மெய்யின் புள்ளியையும்
ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டது.
அழித்தேன்.

என் போன் சிணுங்கியது.
"மூணாவது கண்டெய்னர் வந்தாச்சு மேடம். சீல் ஓகே."
படம் கொஞ்சம் கலங்கல்.
ஓரத்தில் வழக்கமான அந்த விரல்.
பதிலுக்கு நானும்
மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

நாற்பது நிமிடம் கழித்து
அதே கண்டெய்னரைப் பற்றி
மூன்று சோதனை போன்களிலும்
வந்து இறங்கியது அலுவலக அஞ்சல்,
பூட்டிய உறைக்குள்,
விதிமுறைகள் எல்லாவற்றுக்கும் உட்பட்டு.
லாரி அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.