நாற்பத்து மூன்றாவது மீன்

ஜெலுத்தோங்கில் இது நாற்பத்து மூன்றாவது லோங்காங்.
தகட்டை வைத்து நீலம் அடித்தேன்:
ஒரு மீன், கீழே
‘இங்கே ஊற்றுவது கடலுக்கு.’

மரியதாஸ் கார்ப் பட்டறை வாசலில்
எண்ணெய்க் கறை
மழைக்குக் காத்துக் கிடந்தது.
“மழை வந்தா கழுவிடும்” என்றார்.
“கழுவாதுங்க, கூட்டிக்கிட்டுப் போகும்.”
மூன்று வாரமாகச் சொல்கிற வாக்கியம்.
தலையாட்டினார். மரத்தூள் தீர்ந்துபோச்சு என்றார்.

மேகம் ஏறிவிட்டது.
அவசரமாகத் தூரிகையை அலசக்
குழாயைத் திறந்தேன்.
நீலம் ஓடி
என் மீனின் வாயருகே போனதும்
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு
ஒரு காலி மைலோ டின்னை
என் பக்கம் தள்ளினார்.
ஒன்றும் சொல்லவில்லை.

முதல் தூறல்.
பழைய பனியனைக் கறைமேல் போட்டு
அவர் மிதிக்க ஆரம்பித்தார்.

நான்
டின்னில் கலங்கிய நீலத்தோடு
எங்கே கொட்டுவதென்று தெரியாமல்
நனைந்துகொண்டிருந்தேன்.