பாக்கி மூன்று

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.
ரசம், காபி, மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள்.
கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில்
என் கையெழுத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது
கலியவரதனின் தாகம்.

கடலூர் முதுநகரில் முப்பது வருஷம்
ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்தவர்.
விசைப்படகுகளின் வயிற்றில்
டன் டன்னாய்க் கொட்டியவருக்கு
இரவு பத்து மணிக்கு நான் தருவது
மூன்று கட்டி, சுண்டுவிரல் பருமனில்.
"எங்க கம்பெனியில இது கூட்டித் தள்ற சைஸு சிஸ்டர்"
என்றபடி வாயில் ஒதுக்கிக்கொள்வார்,
கடிக்காமல்.

புதுச்சேரிக்கு வந்து நூற்றுப் பதினேழு நாள்.
ஜன்னலில் கடல் தெரியாது,
ஜெனரேட்டர் கொட்டகைதான்.
கழுத்து நரம்பில் மருந்து தள்ளும் பம்பு
காற்றுக்குமிழி என்று கத்தினால்
அவர் கண் திறப்பதற்குள் நான் நிற்க வேண்டும்.

"வர்றது ஐஸுலதான வரும்?" என்றார் ஒருநாள்.
ஆமாம்.
"பாளமா, தூளா?"
தூளாகத்தான் இருக்கும்.
"நேரா மேல படக்கூடாது, சதை வெந்துரும்.
வஞ்சிரத்துக்கே பை போட்டுத்தான் வைப்போம்.
சொல்லிடுங்க."
சொல்கிறேன் என்றேன்.

தனபாக்கியம் வாரம் ஒருமுறை
பஸ் பிடித்து வருகிறாள்.
"திருவந்திபுரம் போய் நின்னேன்மா.
என்னன்னு வேண்டிக்கறதுன்னு தெரியல.
கும்புட்டு வந்துட்டேன்."

டியூட்டி முடிந்து காலாப்பட்டு தாண்டும்போது
ஹெல்மெட் போடாத பையன் ஒருவன்
என் வண்டியை உரசி முந்தினான்.
தலையைப் பார்த்துத் திட்டினேன்.
அப்புறம்
சட்டை காற்றில் உப்பிய அவன் நெஞ்சைப் பார்த்தேன்.
அதை எந்தத் தாளில் எழுத?

செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு போன் வந்தது.
தாடையிலிருந்து முழங்கால் வரை மழித்தோம்.
மருந்து சோப்பில் இரண்டு முறை குளிப்பாட்டினோம்.
வாயில் எதுவும் படக்கூடாது,
அந்த மூன்று கட்டியும் நிறுத்தம்.
தனபாக்கியத்துக்கு கார் பிடித்துக் கொடுத்தார்கள்.

நாலேகாலுக்கு மறுபடி போன்.
அது சரியில்லையாம்.

மழித்த நெஞ்சைத் தடவியபடி
கொஞ்ச நேரம் படுத்திருந்தார்.
"யாரு வூட்டுப் புள்ளயோ.
அவங்ககிட்ட ஒடம்பயாவது
சீக்கிரம் குடுத்துடுவாங்களா சிஸ்டர்?"

தெரியவில்லை என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.

ஆறு மணிக்குப் புதுத் தாள்.
எடை ஐம்பத்தாறு புள்ளி நான்கு.
நேற்றைய கணக்கில் மூன்று பாக்கி இருந்தது.
கொடுத்தேன்.

இந்த முறை கடித்தார்.
வார்டு முழுக்கக் கேட்டது.