நடு

"லிப்புன்னு போட்டிருக்குதுங்க,
இத்தாச்சோட்டு லிப்ஸ்டிக்குங்களா?"
கூரியர் பையன் சிரித்துவிட்டுப் போனான்.
ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான அட்டைப்பெட்டி.
உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் மூன்று துண்டு,
பொட்டலத்தில் பதினொரு திருகாணி.
பன்னிரண்டு என்று அச்சடித்திருந்தது.
எண்ணிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

போயம்பாளையத்தில் ஞாயிறு மத்தியானம்.
சீட்டெடுத்து வாங்கிய வெள்ளை ஸ்விஃப்ட்,
எனக்கு முன்னால் இரண்டு பேரைப் பார்த்தது.
முன்சக்கரங்களைப் பலகை வைத்து ஏற்றிவிட்டு
வேஸ்ட் பனியன் துணியை விரித்து மல்லாந்தேன்.
கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பால்
பம்பரின் நடுவைத் தேடினேன்.
காலர் நடு, பட்டன்பட்டி நடு, பிரிண்ட் நடு,
ஒன்பது வருசமாய் நாளுக்கு எண்ணூறு நடு பார்த்தவளுக்கு
இது எண்ணூற்று ஒன்று.
துணிச் சாக்கட்டியால் கோடு.
கறை எடுக்கிற ஸ்பாட் கன்னால்
பிசுக்கின்மேல் நாலு பீய்ச்சு.
கம்பெனி வாசம் கிளம்பியது.
ஞாயிறும் போச்சு.

ட்ரில் மிஷின் ஓவர்லாக் மெக்கானிக் மாரப்பனுடையது.
கொடுக்கும்போதே சொன்னார்:
"ஓட்டை போடறக்கு முந்தி ஒருக்கா ரோசனை பண்ணுங்க.
துணின்னா பிரிச்சுத் தெச்சுக்கலாம்."

ரோசனை பண்ணினேன்.
காற்றை வெட்டுமாம், பெட்டியில் போட்டிருக்கிறது.
எங்கள் வீதியில் காற்றே
இருபதைத் தாண்டாது.
அழகாக இருக்கும்.
அந்த ஒரு காரணத்துக்காக
இதுவரை நான் எதையும் வாங்கியதில்லை.

முதல் ஓட்டை.
சுருள் சுருளாய் வெள்ளைப் பிளாஸ்டிக்
இமைமேல் உதிர்ந்தது.

மேல்வீட்டுச் சுகந்தா ஒரு முனையைப் பிடித்தாள்.
வெயிலில் காய்ந்த லிப் சொன்னபடி வளைந்தது.
இடப்பக்கம் சரி,
வலப்பக்கம் கால் இஞ்சு இறங்கி நின்றது.
கால் இஞ்சு, பயருக்குப் போகிற சட்டையென்றால் பாஸ்.
கழற்றினேன்.
"யாருக்கா படுத்துப் பாக்கப் போறாங்க?" என்றாள் சுகந்தா.
படுத்திருந்தது நான்தான்.
பன்னிரண்டாவது திருகாணி
ஏதோ ஓவர்லாக் மிஷினிலிருந்து வந்தது,
மாரப்பனிடம் எதிலிருந்து என்று கேட்கவில்லை.
"யாரையோ மொறைக்கறாப்ல இருக்குதுக்கா, உன்ற காரு."
கையைக் கழுவாமல்
அரைமணி நேரம் எதிரே நின்று பார்த்தேன்.

பொழுதோட எடுத்தேன்.
வீதி முனையில் வேகத்தடை.

போன ஆடியில் கம்பெனி வேன் ஒன்று
கவினியாவின் சைக்கிளை அடித்துப் போட்டது.
மறுவாரமே யாரையும் கேட்காமல்
நாங்களாகப் போட்டது அந்த மேடு.
நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் ஏறியவள் நான்.
ஜல்லி கொட்டிய ராத்திரி,
"பத்தாதுங்க, இன்னும் நாலு விரக்கடை ஏத்துங்க" என்று
மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றவளும் நான்.
இரண்டு நாள் குடத்தில் தண்ணீர் ஊற்றினேன்,
கெட்டிப்படட்டும் என்று.

கெட்டிப்பட்டிருந்தது.

மேட்டின் அந்தப் பக்கம் கவினியா,
புது சைக்கிள், ஒரு கால் தரையில்.
குனிந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள்.
"கோணையா வாங்க, கோணையா! ஒரு சக்கரம் மொதல்ல...
இன்னுங் கொஞ்சம்... மெல்ல... மெல்ல..."

கர்ரக்.

இறங்கிப் பார்த்தேன்.
லிப்பின் அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.
மேட்டின் மஞ்சள் பெயிண்டில்
ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு.
"மேட்டைக் கொஞ்சம் செதுக்கிப் போடலாங்களா?"
என்று அவள்தான் கேட்டாள்.
"தொட்டயின்னா தெரியும்" என்றேன்,
அவளிடமா என்னிடமா என்று தெரியாமல்.

பையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் எப்போதும் கிடக்கும்,
பழுது இங்கே என்று காட்ட.
ஒன்றை உரித்துவிட்டேன்.
லிப்பிலா, மேட்டிலா?
விரல் நுனியில் ஒட்டியபடி நின்றேன்.

பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது.
கவினியா என் விரலிலிருந்து அதை எடுத்து
சைக்கிள் பெல்லில் ஒட்டிக்கொண்டு
மேட்டில் ஏறி இறங்கிப் போனாள்.