இரண்டு வெடிகள்

பனிமலையிலிருந்து இறங்கி வருவான் அவன்,
தாடியில் ஐஸ், தோளில் நரித்தோல்,
கையில் ஆளுயர இடியன் துவக்கு.
ஆமர் வீதியில் அப்போது பின்னேரம் மூன்றரை.
கலரியில் நாலு மின்விசிறிக்கு ஒன்றுதான் சுற்றும்.
பெனியனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
சனம் அந்தக் குளிரைப் பார்க்கும்.

கரடி எழும்பும்.
ஒரு வெடி. இன்னொரு வெடி. மூன்றாவதுக்குச் சாயும்.
விசிலுக்கு மேலால் ஒரு குரல்:
"பொய்!"

துவான் சல்தீன்.
பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில்
முப்பத்தொரு வருஷம் துவக்குத் துடைத்தவர்.
படம் ஓடிய ஐந்து கிழமையும்
கொம்பனித்தெருவிலிருந்து நடந்தே வந்து
காசு கொடுத்துக் கோபப்பட்டார்.

இடைவேளையில் என் அறைக்கு ஏறி வருவார், மூச்சு வாங்க.
"ஓப்பரேட்டர், கேளுங்க.
மருந்து கொட்டணும். துணி, குண்டு.
கம்பியால இடிக்கணும். கெப்பு வைக்கணும்.
எண்ட கைக்கே இருபத்தெட்டு விநாடி.
அதுவரைக்கும் கரடி என்ன
பஸ்ஸுக்கா நிக்குது?"

நிரூபிக்கத் தன் துவக்கையே ஒருநாள் கொண்டுவந்தார்.
மனேஜர் புள்ளெநாயகம் அதை இரவல் வாங்கி
டிக்கட் ஜன்னலுக்கு மேலே ஆணியில் மாட்டி
'மலைவீரனின் அசல் துவக்கு' என்று சிவப்பு மையால் எழுதினார்.
மாத்தளைப் பக்கம் பன்றி சுட்ட துவக்கு அது.

கடைசி வெள்ளி, கடைசிக் காட்சி.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
இரண்டு வெடியை வெட்டினேன்.
முதல் வெடிக்குப் பின்னால்
நாற்பத்திரண்டு அடி கறுப்புப் பிலிம் ஒட்டினேன்:
கணக்குச் சரியாக இருபத்தெட்டு விநாடி.

இருட்டு.
சனம் காசைக் கேட்டது, என் தாயைக் கேட்டது,
தோடம்பழத் தோல் திரையில் பட்டு விழுந்தது.
வாசல் விளக்கின் சிவப்பில் சல்தீனைக் கண்டேன்.
எழுந்து நின்று, ஒன்றுமில்லாத கைகளால்,
கொட்டினார், வைத்தார், இடித்தார்.
வெளிச்சம் திரும்பியபோது
மலைவீரன் கரடித்தோலைப் போர்த்திக்கொண்டு
நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தான்.
நடுவில் என்ன நடந்தது என்று
எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.
எனக்கு அரை மாதச் சம்பளம் போயிற்று.

எட்டு வருஷம் கழித்து, ஒரு ஜூலைத் திங்கள்.

இரும்புக் கதவுக்கு வெளியே
பெற்றோல் கேனும், பெயர் எழுதிய கடதாசியும்.
நான் மேலே, ரீல் பெட்டிகளுக்கு நடுவில்,
ஒரு பொறி போதும் எனக்கு.
புகைக்குள்ளால் எப்படி நடந்து வந்தாரோ,
சல்தீன் கதிரையில் ஏறி
துவக்கை ஆணியிலிருந்து இறக்கினார்.
கம்பி இல்லை. மருந்து இல்லை.
குழலுக்குள் கறையான்.

முன்னால் நின்றவனை எனக்குத் தெரியும்.
அந்த ஐந்து கிழமையில் பெனியனை மடியில் வைத்து
விசிலடித்த பொடியன்தான்.
துவக்கைப் பார்த்தான்.
இது மூன்று தரம் வெடிக்கும் என்று
அவன் கண்ணாலேயே கண்டிருக்கிறான்.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.
பத்தொன்பதில் அவன் பின்னால் அடி வைத்தான்.
போனார்கள்.
அடுத்த கடைக்குத்தான் போனார்கள்.
அதுவும் சொல்லவேண்டியது:
அடுத்த கடை எரிந்தது.

சல்தீன் மேலே ஏறி வந்தார்.
கை நடுங்கிற்று, துவக்கைக் கீழே வைக்கத் தெரியவில்லை.
"அந்தத் துண்டு இரண்டும் இருக்கா, ஓப்பரேட்டர்?"

பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.
ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்,
கட்டம் கட்டமாக,
நகக்கண் அளவு துவக்கு, நகக்கண் அளவு புகை.
ஜன்னலுக்கு வெளியேயும் புகை.
நெடுநேரம் பார்த்தார்.
சுருட்டி, மேல்சட்டைப் பையில் வைத்து,
பொத்தானைப் போட்டார்.