கேள்வி எண் இரண்டு

கம்ப்யூட்டரில் இடமில்லை என்றார்கள்,
துணைப்பாடமாக முதுமையியல் எடுத்தேன்.
முதன்மைப் பாடம் தாவரவியல்.
மரத்தை அறுத்தால் வயது தெரியும்,
அதுவரைதான் எனக்குத் தெரியும்.

கோத்தகிரியிலிருந்து காலை பஸ்.
டான்டீ லைன் வீடுகள் தொடங்கும் வளைவில்
கண்டக்டர் என்னை மட்டும் இறக்கிவிட்டார்.
கையில் பன்னிரண்டு படிவங்கள்.
ஒன்று, பெயர். இரண்டு, வயது.
மூன்றிலிருந்துதான் முதுமை:
தானே குளிப்பீர்களா,
பத்துப் படி ஏறுவீர்களா,
நேற்று என்ன கிழமை.

"எந்தப் படி?" என்றாள் பூவாயி.
ஓடையிலிருந்து அவள் வாசலுக்கு எண்பத்தாறு.
இரண்டு குடத்தோடு ஏறி வந்திருந்தாள்.
மூச்சு வாங்கியது எனக்கு.

"வயசா? இதுல அம்பத்தெட்டு."
ஆதார் அட்டையை நீட்டினாள்.
ஜனவரி ஒன்று.
பக்கத்து வீட்டுக்கும் ஜனவரி ஒன்று,
எதிர்வீட்டு ஆரோக்கியத்துக்கும் அதே.
லைன் முழுக்க ஒரே நாளில்
பிரசவம் ஆகியிருக்கிறது.

மண்டபம் கேம்ப்பில்
கப்பலில் எடுத்த வாந்தி காயாத சட்டையோடு
வரிசையில் நின்றவர்களை
ஒரு கிளார்க் ஏற இறங்கப் பார்த்து எழுதினாராம்.
காய்ச்சலில் வற்றியிருந்த அக்கா பூவாயி, எட்டு.
நெடுநெடுவென்று நின்ற தங்கச்சி தெய்வானை, பன்னிரண்டு.
மை காய்வதற்குள்
ஒருத்தி மற்றவளுக்கு முன்னால் பிறந்துவிட்டாள்.
தெய்வானைக்கு முதியோர் பணம் வருகிறது.
பூவாயிக்கு
இன்னும் இரண்டு வருஷம் இளமை பாக்கி.

சரிவில் ஒரு தகரப் பலகை:
பகுதி ஏழு, நட்ட ஆண்டு 1977.
"குழி போட்டது நாந்தான்.
பேப்பர்படி அப்ப எனக்குப் பத்து வயசு."
செடி ஒவ்வொன்றுக்கும் வருஷம் தெரிகிறது.
இடுப்புக்கு மேல் ஒன்றையும் விட்டதில்லை.

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி
ஹெப்சிபா மேடத்தைக் கேட்டேன்.
ஆவணத்தில் உள்ளதைப் போடும்மா,
அம்பத்தெட்டு நம்ம மாதிரியில் வராது,
அடுத்த வீட்டுக்குப் போ என்றார்.

அடுத்த வீடு தெய்வானையுடையது.
நூறு நூறாகப் பணத்தை எண்ணி
பாதியைச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.
பத்துப் படி?
"முட்டி போயிருச்சு பாப்பா."
அப்போ தண்ணிக்கு?
"அதான், சின்னவ கொண்டாறாளே."

வாசலில் பூவாயி
இரண்டாவது குடத்தை இறக்கி,
"அக்கா, மூடி எங்க வச்ச?" என்றாள்.
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது.

உதவுபவர், உறவுமுறை
என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
திரும்பும் பஸ் நாலே காலுக்கு.