நூற்றைம்பது விழுக்காடு

பத்தூமியில் மூன்றாம் நாளாக மழை.
மக்வாலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டி
ஒத்துக்கொண்டாள்: எழுத்துதான் சின்னது.
இல்லை, கண்தான்.

அமைப்புகளில் போய்
நூற்றைம்பது என்று வைத்தாள்.
மென்பொருள் ஒருமுறை செத்துப் பிழைத்தது.

எல்லாம் இடம் மாறிக் கிடந்தன.
டைம்லைன் ரிப்பன் அகலத்துக்கு ஒடுங்க,
துறைமுகக் கிரேன்காரரின் மனைவி
தீப்பெட்டிக்குள் உட்கார்ந்து பேசினாள்.

கோப்புப் பட்டியலின் ஓரத்தைப் பிடித்து
வலப்பக்கம் இழுத்தாள், இன்னும் கொஞ்சம்.
இத்தனை வாரம்
மூன்று புள்ளியில் முடிந்துகொண்டிருந்த பெயர்
முழுசாக வந்தது:

ஷோரெனா_பேட்டி_4_அழுகிறார்_
போடவேண்டாம்_என்றார்

அந்த அழுகையில்தான் படம் தொடங்குகிறது.
நாளை காலை பத்துக்குத் திரையிடல்.

எழுத்தைப் பழைய அளவுக்கே
குறைத்துப் பார்த்தாள்.
மூன்று புள்ளி.
இப்போது அதையும் படிக்க முடிந்தது.