சாம்பல் விற்காது

நான் சட்டம் அடிப்பவன்.
ஓவியம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
பைன் மரம், முக்கால் அங்குல ஆணி,
நாற்பத்தைந்து பாகையில் நான்கு வெட்டு,
எனக்குத் தெரிந்த கலை அவ்வளவுதான்.

நியோலேவின் படங்கள்
ஈரம் காயாமலே என் பட்டறைக்கு வரும்.
ஒரு பக்கம் பால்டிக் கடல்,
மறு பக்கம் காயல்,
நடுவில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்.
எங்கள் நிலமே அவ்வளவுதான்,
ஓடினால் கால் மணியில் கடந்துவிடலாம்.

கோடையில் படகேறி வருகிறவர்களுக்கு
அந்தி வேண்டும்.
இரவு பத்து மணிக்கு இறங்கும் சூரியன்,
ஆரஞ்சு மணல், ஆரஞ்சுத் தண்ணீர்.
போட்டுத் தருவாள்.
"ஒரு காதுக்கு எத்தனை டியூப் ஆரஞ்சு, சொல்லு?"
என்று என்னிடம் கணக்குக் கேட்பாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளுடைய நோட்டில் இடப்பக்கம் படம்,
வலப்பக்கம் அது என்னவாக ஆனது என்பது:

மணல்மேடு, அந்தி, பெரியது —
செவிக்கருவி, ஒரு ஜோடி.
மூன்று படகுகள், அந்தி —
பேட்டரிகள், அடுத்த ஈஸ்டர் வரை.
கடமான் கால்தடம், அந்தி, சிறியது —
பேச்சுப் பயிற்சி ஆசிரியைக்குப் பஸ் காசு.

எல்லாம் கிளைபேடாவில் இருக்கும்
காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு.
"உங்களுக்குக் குழந்தைகள்?" என்பார்கள் வாங்குகிறவர்கள்.
"இல்லை" என்பாள்.
அதற்குப் பின்னால் ஒரு கதை வரும் என்று
கொஞ்ச நேரம் நிற்பார்கள்.
அவள் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்காக வரைவது வேறு.
பிப்ரவரிக் காயல்.
உறைந்த நீர், உறைந்த வானம்,
எது எங்கே முடிகிறது என்று தெரியாத சாம்பல்.
கத்தியால் அப்பி அப்பி
விரல் கனத்துக்கு வண்ணம் ஏற்றியிருப்பாள்.
நான் அதற்கும் சட்டம் அடிப்பேன்.
நோட்டில் அதற்கு நேரே
வலப்பக்கம் எதுவும் இருக்காது.

போன ஜூலையில் பிள்ளைகளையே கூட்டிவந்தார்கள்.
பதினொரு பேர், ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி.
அந்திகளின் முன்னால் மரியாதைக்கு நின்றார்கள்.
புகை போட்ட விலாங்கு மீன் கொடுத்தோம்,
அதன் முன்னால் மனப்பூர்வமாக நின்றார்கள்.

ஊர்தே என்றொரு பெண், ஏழு வயதிருக்கும்,
மீன் கையோடு என் பட்டறைக்குள் வந்துவிட்டாள்.
சாம்பல் படத்தைப் பார்த்தாள்.
காதிலிருந்த கருவியைக் கழற்றி
(மூன்று படகுகளோ, பெரிய மணல்மேடோ, யாருக்குத் தெரியும்)
என் உளிகளுக்கு நடுவே வைத்தாள்.
வெறும் காதை
படத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

நான் கத்தினேன்.
அவளிடம் கத்தி என்ன பயன்.

பிப்ரவரியில் காயலின் பனி விரிசல் விடும்போது
காதுக்கு வருமுன் காலுக்கு வரும் அந்தச் சத்தம்,
தரை வழியாக, எலும்பு வழியாக.
அவளும் கரையோரத்துப் பிள்ளைதான்.
அவள் எதைத் தேடினாள் என்று
நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது.
காது முழுக்கச் சாம்பலோடு திரும்பி
இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து
மெல்ல, மிக மெல்ல,
பிளந்து காட்டினாள்.

டர்பன்டைன் வேண்டாம், தோல் எரியும் என்று
சமையல் எண்ணெய் தொட்டு நியோலே துடைத்துவிட்டாள்.
படத்தைத் தொடவில்லை.
கீழ்மூலையில் காதளவு ஒரு பள்ளம்,
மடல், மடிப்பு, துளை எல்லாம் அப்படியே.

ஆகஸ்டில் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார்.
உள்ளபடியே பிடித்துப்போனது அவருக்கு அந்தச் சாம்பல்.
குனிந்து பார்த்து, "இங்கே பழுதாகியிருக்கிறது,
கொஞ்சம் குறைப்பீர்களா?" என்றார்.
நியோலே யோசித்தாள்.
விலையை இரண்டு மடங்காக்கினாள்.

அவர் வாங்கியிருந்தால்
இந்தக் கவிதைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும்.
ஓர் அந்தியை வாங்கிக்கொண்டு படகேறிப் போனார்.
நோட்டில் எழுதினாள்:
செவிக்கருவி, இடது மட்டும்.

சாம்பல் என் பட்டறைச் சுவரிலேயே இருக்கிறது.
எல்லாவற்றுக்கும் கண்ணாடி போடச் சொல்கிறவள்
இதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.
மரத்தூள் படிகிறது.
வாரம் ஒருமுறை ஊதிவிடுகிறேன்,
அந்தப் பள்ளத்துக்கு அருகே வாயைக் கொண்டுபோய்,
ரகசியம் சொல்கிறவன் மாதிரி.